உப்புத்தண்ணீர் திரும்பி வந்த நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், தொட்டிக்குள் இருக்கும் ஐந்து பேரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ மூன்று முறை கூப்பிட்டும் அப்பாவின் போன் மணியே அடிக்கவில்லை என்றாய். சார்ஜ் இல்லை என்று அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன், அது பொய். நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் எனக்கும் நெஞ்சு லேசாகும்.

பல் டாக்டர் கிளினிக்கை மூடியபோது அவரிடமிருந்து அந்த ஆறடிக் கண்ணாடித் தொட்டியை அப்பா வாங்கி வந்தது உனக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வரைபடக்காரர் சும்மா இருப்பாரா, குழாய்கள் போகும் வழியை மூன்று மை தொட்டு வரைந்து சுவரில் ஒட்டிவிட்டார். மேல்தொட்டியில் வழியும் தண்ணீர் நீலக்குழாயில் இறங்கி, கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் அழுக்கு வடிந்து, பம்பு வழியாகச் சிவப்புக்குழாயில் மறுபடி மேலே ஏறும். எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் டயாலிசிஸ் வார்டு ஞாபகம்தான் வந்தது, அங்கே ரத்தம் போய்வரும் குழாய்களுக்கும் இதே சிவப்பு, இதே நீலம். அப்படிச் சொன்னதற்கு, ஊசி போடுறது வேற, குழாய் வேலை வேற என்று சிரித்தார். உப்பைக் கரைத்து நிரப்பி, தண்ணீர் பழக வேண்டும் என்று ஐந்து வாரம் மீனே இல்லாமல் ஓட்டினோம். வருகிறவர்கள் எல்லாம் மீன் எங்கே என்று குனிந்து குனிந்து தேடியது தனிக்கதை. பிறகு ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று, மஞ்சள் மீன் ஒன்று, விரல் நீளத்தில் நீலக்குட்டிகள் இரண்டு என்று வந்து சேர்ந்தன. அப்பா டிவி பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வார்டில் இருந்தேன். போன் வந்தது. அப்பா குரல் அவர் குரலாகவே இல்லை. கரண்ட் போச்சு, பம்பு நின்னுடுச்சு, ஆனா கீழ்த்தொட்டி பொங்கி ஹால் முழுக்கத் தண்ணி, நீலக்குழாய மூடிட்டேன் அப்பவும் நிக்கல என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது பாப்பா. சிவப்புக்குழாயின் வாய் மேல்தொட்டியில் ஒரு சாண் ஆழத்தில் முங்கியிருக்கிறது, பம்பு தள்ளாவிட்டால் அதே குழாய் தண்ணீரைத் திருப்பி இழுத்துக் கீழே கொட்டும். அவர் வரைந்த படத்தில் கரண்ட் போவதே இல்லை, அதுதான் தப்பு. ஆனால் அதைவிட, பம்பைச் சொருகிய எக்ஸ்டென்ஷன் பலகை தரையில் கிடக்கிறது, இவர் உப்புத்தண்ணீரில் நிற்கிறார், கரண்ட் எந்த நொடியும் வரலாம். முதல்ல மெயின அணைங்க, அப்புறம் ஸ்டூல்ல ஏறி அந்தச் சிவப்புக்குழாய் வாயைத் தண்ணிக்கு வெளியே தூக்குங்க, காத்து உள்ள போனா தானா நின்னுடும் என்றேன். சரி என்றார். ஸ்டூலை இழுப்பது கேட்டது. அப்புறம் ஏதோ ஒரு சத்தம், போன் செத்துவிட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் என் இரண்டு நோயாளிகளையும் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறினேன். வழியில் ஒரு சிக்னலில் பச்சை விளக்கைப் பார்த்து, இங்கே கரண்ட் இருக்கிறதே, அப்படியானால் வீட்டுக்கும் வந்திருக்குமோ என்று நினைத்ததும், சீக்கிரம் போங்க என்று டிரைவரிடம் கத்திவிட்டேன். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் தைரியம் சொன்னவள், எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

வீட்டு வாசற்படியில் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், நீ சொன்ன மாதிரியே நின்னுடுச்சு, போன்தான் கைநழுவித் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு என்றார். எனக்கு அடிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது, கடைசியில் நானும் அவர் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெருவுக்குக் கரண்ட் வந்திருந்தும் மெயினைப் போடத் துணியவில்லை, ஈரமெல்லாம் துடைத்துக் காயும் வரைக்கும் மீன்களுக்குக் காற்று வேண்டுமே. ஆளுக்கொரு சொம்பு எடுத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், ஒருவர் துடைத்தால் ஒருவர் ஊற்றுவது. ஜோடி மீன் சொம்புக்குக் கீழேயே வந்து நின்றது. மஞ்சள்தான் கல்லுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டது, செத்துப்போய்விட்டது என்றே நினைத்தோம். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல வந்து தீனி கேட்டது.

அடுத்த நாள் அப்பா சுவரிலிருந்த படத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பென்சிலை என் பக்கம் நகர்த்தி, நீயே வரை என்றார். அந்தப் பென்சில்களை உன்னைக்கூடத் தொடவிட்டதில்லை. குழாய் வாயை நீர்மட்டத்துக்கு அரை விரல் கீழே வைத்து, காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டையும் போட்டோம். கீழ்த்தொட்டியில் தண்ணீரைக் குறைத்தோம், பலகையை ஆளுயரத்தில் சுவரில் அறைந்தோம். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே பம்பை நிறுத்திப் பார்த்தோம். கீழே தண்ணீர் ஏறியது, ஏறியது, விளிம்புக்கு நாலு விரல் இருக்கும்போது நின்றுவிட்டது. அப்பா நம்பாமல் இன்னும் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார். அன்றைக்குத்தான் இருவரும் பகலில் கண்ணயர்ந்தோம்.

உன் வீட்டில் துணி துவைக்கும் மெஷினுக்குக் கீழே இதே மாதிரி ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை கிடப்பதை வீடியோவில் பார்த்தேன், இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் அதைத் தூக்கி மாட்டு. அப்பாவுக்குப் புதுப் போன் வந்துவிட்டது, நம்பர் பழசுதான். நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். எல்லாத்தையும் எழுது, ஆனா நான் பயந்துட்டேன்னு மட்டும் எழுதாதே என்கிறார். எழுதவில்லை. நான் பயந்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா