எடுத்தவரே நகர்த்த வேண்டிய அட்டை

என் செண்பகம் அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

நீ கட்டிய பலகைச் செயலி இன்னும் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தாயே, அதை வாணியம்பாடியில் செருப்பு மாதிரிகள் தைக்கும் ஷாஹிதா அக்காவின் குழு தினமும் பார்க்கிறது. வேலைக்கு ஓர் அட்டை. 'செய்ய வேண்டியது', 'செய்துகொண்டிருப்பது', 'முடிந்தது' என்று மூன்று கட்டங்கள். காலையில் எல்லாரும் நின்றபடியே பேசி அட்டைகளை நகர்த்துவார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார். "இன்னாம்மா, உங்க பலகை எங்க மாமியாரைவிட அடம் புடிக்குது! ரேஷ்மா கல்யாணம் ஆயி போய்ட்டா. பாஸ்வேர்டு கேட்டா மறந்துட்டேன்னு சிரிக்கிறா. அவ எடுத்த அட்டை நகரவே மாட்டேங்குது, பின்னால எட்டு வேலை நிக்குது. வெள்ளிக்குள்ள சரியாவலன்னா பழையபடி சுவத்துல சீட்டு ஒட்டிக்கிறோம்."

அந்த விதி யாருக்காக என்று நம் இருவருக்கும்தான் தெரியும். ஏழாவது படிக்கும்போது விளையாட்டாக உன் அட்டைகளையெல்லாம் 'முடிந்தது' பக்கம் தள்ளிவிடுவேன். "உன் வாலை நறுக்கத்தான்டி" என்று சொல்லி, எடுத்தவர் மட்டுமே நகர்த்தலாம் என்று பூட்டுப் போட்டாய். அந்தப் பூட்டுக்குள் இப்போது எல்லாரும் மாட்டிக்கொண்டோம்.

நீயும்தான். 'தமிழ் உதவிப் பக்கம் எழுதுதல்: செண்பகம் செய்துகொண்டிருக்கிறாள்.' காய்ச்சலோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, திரும்பி வராமலே போனாயே, அந்தக் காலையில் நீ எடுத்த அட்டை. அம்மா தினமும் அடுப்பு பற்றவைக்கும் முன் அதைத் திறந்து பார்க்கிறாள். பூட்டை எடுத்தால் அதுவும் திறந்துவிடும்.

அம்மாவிடம் சொன்னேன். "அவ இன்னும் செஞ்சினு இருக்கான்னு அந்த ஒரு எடத்துலதான் போட்டிருக்கு. அதையும் எடுத்துட்டா வூட்ல இன்னாடி மிச்சம்?" என்றாள்.

நான்கு நாள் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ஷாஹிதா அக்கா, ஒரு பக்கம் அம்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் பெயர். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

வியாழக்கிழமை மாற்றிவிட்டேன். அட்டையை இன்னொருவர் ஏற்கலாம். ஆனால் முதலில் எடுத்தவர் பெயர் அதிலிருந்து அழியாது. "நகந்துடுச்சும்மா!" என்று ஷாஹிதா அக்கா போனில் கத்தினார்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப செண்பகத்தோடதையும் யார் வேணா நகத்தலாமா?"

"நகத்தலாம்மா."

தன் போனில் அந்த அட்டையைத் திறந்தாள். பிறகு போனை என் கையில் வைத்தாள். "வேற யாராச்சும் தொடறதுக்குள்ள நீ எடு."

எடுத்துவிட்டேன். உன் பெயருக்குக் கீழே என் பெயர். உதவிப் பக்கத்தை எழுத உட்கார்ந்தால் மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை. நீ எங்கே நிறுத்தினாய் என்று யாரைக் கேட்பது? பூட்டு இல்லாவிட்டாலும், இனி முடிக்காமல் வெளியே வர எனக்கு வழியில்லை.

எழுதி முடிக்காமல் 'முடிந்தது' பக்கம் தள்ள மாட்டேன், சத்தியம். இந்த முறை விளையாட்டில்லை அக்கா.

காவலூரிலிருந்து,
நீ வால் நறுக்கிய தங்கை,
மல்லிகா

இங்கே வானாய்வகத்தில் தொலைநோக்கி திறக்கும் நேரம். வெளிச்சம் அதற்கு இடைஞ்சலாகக் கூடாதென்று அம்மா வாசல் விளக்கை அணைத்துவிட்டாள்.