ஓடு கெட்டியாகும் வரை

கோட்டைக்குப்பம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாமாவுக்கு,

மாலா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நான் நினைத்ததைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் சரி சரி என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து பஹ்ரைனுக்குத் திரும்பும் வரதன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மகள் சுபஸ்ரீக்கு முன்பல் விழுந்துவிட்டது. நைனா வந்து பார்க்கிற வரைக்கும் முளைக்கக் கூடாது என்று புதுப்பல்லுக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். கூரை ஷீட்டை மாற்றியாயிற்று, மழைக்குப் பயமில்லை.

நான் நண்டு பிடிக்கப் போவதை விவரமாகக் கேட்டீர்களே. பக்கத்து வீட்டு சூசையம்மாள்தான் எனக்கு வாத்தியார். என் வயதுதான், வாய் மட்டும் ஏழூருக்குக் கேட்கும். ஏரியில் தண்ணீர் வற்றும்போது புதர் ஓரமாகக் கூட்டிப்போவாள். வளை வாயில் ஈரமண் புதிதாகத் தள்ளியிருந்தால் உள்ளே நண்டு இருக்கிறது. கம்பியை விட்டால் டொக்கென்று தட்டும். ஆரம்பத்தில் நான் காலி வளையாகப் பார்த்துக் குடைந்தேன். "இன்னாடி, ஏரியத் தூர் வாருறியா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். ஒருமுறை நண்டு என் விரலைக் கவ்விவிட்டது. "இழுக்காத, கைய தண்ணியிலயே வை, தானா வுடும்" என்று கத்தினாள். விட்டது. இப்போது கொடுக்கைக் காலால் அமுக்கிக் கயிறு கட்ட வந்துவிட்டது. வீட்டுச் செலவு அதிலேயே ஓடுகிறது.

போன வாரம் நல்ல பெரிய ஆண் நண்டு ஒன்றை இழுத்துப் போட்டேன். சூசையம்மாள் மெச்சுவாள் என்று பார்த்தால், வளைக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு பெட்டை. அப்போதுதான் ஓடு கழற்றியிருந்தது, தொட்டால் மெத்தென்று இருந்தது. "அதுக்கு ஓடு கெட்டியாவுற வரிக்கும் இவன்தான் காவல். இவன தூக்கிட்டா மத்த நண்டு அத்த தின்னுடும். ஜோடியா இருந்தா கை வெக்கக் கூடாது" என்றாள். கயிற்றை அவிழ்த்து வளை வாயில் விட்டேன். கொஞ்ச நேரம் பக்கவாட்டில் ஓடினான், பிறகு திரும்பி உள்ளே போய்விட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நண்டுக்காடி அழுவுற?" என்று கேட்டாள். இல்லை என்று அவளுக்கே தெரியும்.

அன்று சாயங்காலம்தான் நீங்கள் போனில், "ஒனக்குதான் தொழில் வந்துட்ச்சே, இனிமே இன்னா கவலை, ஒப்பந்தத்த இன்னும் ரெண்டு வருசம் போட்டுடறேன்" என்று சொன்னீர்கள். மாமா, நான் சேற்றில் இறங்கியது நீங்கள் அங்கே நிம்மதியாக இருப்பதற்காக இல்லை. ஊருக்கு வந்தால் சோற்றுக்கு என்ன வழி என்று நீங்கள் இனி கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இறங்கினேன். அப்போது சொல்ல வாய் வரவில்லை, சரி என்றுவிட்டேன். அந்தச் சரியை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். கை காய்த்துவிட்டது, சேறு பழகிவிட்டது, எல்லாம் உண்மைதான். அதை வைத்து மாலா கெட்டியாகிவிட்டாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கடலம்மா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். இந்தக் கரையில்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
மாலா