விரதம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்

துடைப்பத்தால் என்னை அடித்துவிட்டு மறுநாளே என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட என் மங்கை அக்காவுக்கு,

போன மாசம் உன் வருஷப் படையலில் உன் படத்தின் கண்ணாடியை உடைத்தது நான்தான். சொம்பை விட்டெறிந்தேன், நேராக உன் நெற்றியில் பட்டது. நீ உயிரோடு இருந்திருந்தால் அதே சொம்பை எடுத்து என் மண்டையில் போட்டிருப்பாய். போட்டிருக்கலாம் அக்கா. எனக்கு அது தகும்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, புவனகிரியில் ஒரே அடுப்பில் பதினான்கு வருஷம் வெந்தவர்கள் நாம். ஒரு முறை குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? என் புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கிற கடையில் புடவை பார்க்க வருகிறவர்கள் கேட்டால், எங்க அக்கா போட்ட பொட்டு என்பேன்.

அடித்துக்கொள்வோமே தவிர, சாப்பிடுவதில் நாம் ஒரே ஜாதி. எல்லோரும் தின்று முடித்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே தின்பது. பிள்ளைகள் வைத்த பாதி தோசை, டிபன் பாக்ஸில் திரும்பி வந்த எலுமிச்சம்பழச் சோறு, ராத்திரிக் குழம்பின் அடி, எல்லாம் நம் வயிற்றுக்குத்தான். தூக்கிப்போட மனசு வராது. நமக்கென்று ஒரு தட்டு வைத்து உட்கார நேரமும் வராது. பசிக்கும் நேரத்தில் சிதம்பரத்தில் நான் டீயும் பஜ்ஜியும். நீ பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைக்கு வடித்துக்கொட்டிவிட்டு, அண்டாவில் மிஞ்சியதை வழித்துத் தின்பாய். இப்படித் தின்றால் உடம்பு எப்படி இருக்கும்? இரண்டு பேரும் ஊதினோம். உனக்குச் சர்க்கரையும் வந்தது.

பத்து கிலோவாவது குறைக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி உனக்கென்று இரண்டு கோதுமை தோசை ஊற்றிக்கொண்டு, முதல் தடவையாகத் தட்டோடு உட்கார்ந்தாய். உன் புருஷன் வந்து நின்றார். மாமா என்று பதினான்கு வருஷம் மரியாதையாகக் கூப்பிட்டவள் நான். இன்றைக்கு அந்த வார்த்தை என் வாயில் வர மறுக்கிறது.

"என்னாடி, தனி தோசை? சீமாட்டி ஆவப் போறியா? எளச்சி யாருக்குக் காட்டப் போற, அரிசி மூட்ட."

நீ ஒரு வாய் பிட்டாய். அடுப்பில் கிடந்த தோசைத் திருப்பியை எடுத்து உன் முதுகில் ஒன்று வைத்தார். சூடான இரும்பு. ரவிக்கையோடு ஒட்டிக்கொண்டது. அத்தை, நம் மாமியார், நடையில் உட்கார்ந்தபடியே சொன்னது என்ன தெரியுமா? "புள்ள பெத்தவளுக்கு எதுக்குடி இடுப்பு?"

உன் முதுகுக்கு மருந்து போடும்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

"டாக்டர் சொன்னாரு, உடம்ப கொறைக்கணும்னு சொன்னாதானே அடிக்கிறாங்க? வெரதம்னு சொல்லிடுக்கா. எவன் கேப்பான்?"

வலியோடு சிரித்தாய். "நீ பெரிய கேடிடி" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

பலித்தது அக்கா, அதுதான் கொடுமை. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. இரண்டு கோதுமை தோசைக்கு முதுகைப் பொசுக்கினவர், உன் விரத நாளில் தானே காபி போட்டுக் குடித்தார். "எம் மூத்த மருமவ வாரத்துல அஞ்சு நாளு ஒருபொழுது, எல்லாம் எம் புள்ள நல்லா இருக்கணும்னு" என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லி வந்தது. நம் வீட்டில் ஒரு பெண் தன் உடம்புக்காக ஒரு பிடி சோற்றை வேண்டாம் என்றால் அடி. புருஷனுக்காகப் பட்டினி கிடந்தால் கும்பிடு. என்ன நியாயம் இது? இதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நாம் இரண்டு பேரும் அடுப்படியில் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமையானால் எனக்குப் போன் செய்வாய். சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றுவிட்டுப் பேசுவாய். "ரெண்டு கொறஞ்சிட்டேன்டி. மூட்டக்கி மூட்ட சரியாப்போச்சு." கடையில் புடவையை மடித்துக்கொண்டே சிரிப்பேன். எண்பத்து நாலிலிருந்து எழுபத்தாறுக்கு வந்தாய்.

ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடவில்லை நீ. மாத்திரையை விட்டுடாதீங்க என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போடுங்க என்றது மறந்துபோனது. விரதம் இருக்கப்போகிறேன் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திட்டியே கொன்றிருப்பார். கேட்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பூஜை விளக்கு ஏற்றும்போது உனக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் செருகும். அத்தை ஓடிவந்து நெற்றியில் விபூதி பூசும். "ஆத்தா எறங்குறா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

நானோ உன் நடிப்பைப் பாராட்டினேன். "பிரமாதம்க்கா, சாமியாடி மாதிரியே இருக்க" என்றேன்.

"நடிக்கலடி வசந்தி. நெஜமாவே நடுங்குது" என்றாய்.

கேட்டேன் அக்கா. என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டுவிட்டு எட்டரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

ஒரு வியாழக்கிழமை, நூறு பிள்ளைக்குச் சோறு வடிக்கும்போது விழுந்தாய். உன் வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. கொதிக்கிற கஞ்சி உன் கால் இரண்டிலும் கொட்டியது. தோல் உரிந்துகொண்டு வந்ததாம், நீ முனகக்கூட இல்லையாம். சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தபோது டாக்டர் வெளியே வந்து முதலில் கேட்டது இதுதான். "காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"வெரதம் சார்" என்றது அத்தை. உன் புருஷனும் தலையாட்டினார்.

"சர்க்கரை மாத்திரை போட்டுக்கிட்டு விரதமா? யார் சொன்னது இவங்களுக்கு?"

நான் சுவரைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நீ போனாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே ஒரு வருஷம் சோறு தின்றேன்.

நீ போன பிறகு உன்னைத் தெய்வமாக்கிவிட்டார்கள். விரதம் இருந்தே உசுரை விட்ட புண்ணியவதி என்று தெருப் பெண்கள் செவ்வாய்க்கிழமை உன் படத்துக்கு விளக்கு வைத்தார்கள். அடித்த கையே மாலை போட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் நான் மாட்டுவேன் என்று மூடிக்கொண்டிருந்தேன்.

வருஷப் படையலுக்கு என்ன சமைப்பது என்று பேச்சு வந்தது. உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நீ தின்றதெல்லாம் அவர்கள் மிச்சம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்றேன் நான். "வெரதக்காரிக்குக் கவிச்சி ஆவாது" என்று அத்தை அடித்துச் சொல்லிவிட்டது. வடையும் பாயசமும் வைத்தார்கள். நீ வடையைத் தொடவே மாட்டாய்.

அன்று உன் மகள் பவித்ரா கற்பூரத் தட்டை ஏந்தி வந்தாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, உன்னை மாதிரியே பூசின உடம்பு. அவள் அப்பன் அவளையும் சின்ன மூட்டை என்றுதான் கூப்பிடுவார். ஒரு வாய் வடை தின்னுடி, காலையிலேருந்து ஒண்ணும் தின்னலையே என்று நீட்டினேன்.

"வேணாம் சித்தி. இன்னைக்கு வெரதம்."

"ஆத்தாளக் கொண்டிருக்கா பாருங்க, அஞ்சு நாளும் இருக்கா" என்று அத்தை வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னது. நான் பவியின் கையைப் பார்த்தேன். தட்டு நடுங்கியது. மேலுதட்டில் வேர்வை. கண் செருகியது. கற்பூரம் உருண்டு தரையில் விழுந்தது.

"மங்கை எறங்கிட்டா" என்றது அத்தை. வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அத்தை விபூதித் தட்டை எடுத்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் முன்னே பின்னே கலந்துதான் ஞாபகம் வருகிறது. அத்தை கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டேன், அது பறந்துபோய்ச் சுவரில் மோதியது. சரிந்த பவியை மடியில் போட்டுக்கொண்டு, உன் இலையில் வைத்த பாயசத்தை அள்ளி அவள் வாயில் திணித்தேன். கற்பூரம் காட்டாத இலை. படைக்குமுன் எச்சில் பண்ணிட்டாளே பாவி என்று யாரோ கத்தினார்கள். உன் புருஷன் என் கொண்டையைப் பிடித்து இழுத்து என் தலையைத் தூணில் மோதினார். அவர் கையைக் கடித்தேன். விடவில்லை அக்கா. பல் இறங்கியது, வாயில் உப்புக் கரித்தது. அவர் அலறிக்கொண்டு விலகியதும் சொம்பை எடுத்தேன். அவர் மண்டைக்குத்தான் குறி வைத்தேன். குனிந்துவிட்டார், உன் மேல் பட்டது.

கண்ணாடி உடைந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அப்போதுதான் சொன்னேன்.

"அவ வெரதத்துல சாவல. பட்டினியில செத்தா. ஒரு தோச துன்னதுக்கு இவரு முதுவுல சூடு வெச்சாரு. அதுக்குப் பயந்துகினு சாமி பேரச் சொன்னா. சொல்லிக்கொடுத்தவ நான். நான்தான் கொன்னேன். நீங்க எல்லாரும் சேந்து விபூதி பூசினீங்க."

பவி கண்ணைத் திறந்திருந்தாள். "நெஜமாவா சித்தி?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. எழுந்து தள்ளாடிப்போய்த் தன் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே உன் சர்க்கரை மாத்திரை. நீ மிச்சம் வைத்துவிட்டுப் போன அட்டைகள்.

"அம்மா எளச்சது இதாலதான்னு நெனச்சேன்" என்றாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன், மூன்று நாள் என்றாள். ஆட்டோ பிடித்து அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இந்த முறை டாக்டர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பிழைத்தாள்.

அங்கிருந்து நேராகக் கடலூர் முதுநகருக்கு, என் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பத்து நாள் இருந்தோம். அங்கே ஒரு டாக்டரம்மா பவிக்கும் எனக்கும் பொறுமையாகச் சொன்னார். பெரிய வித்தை ஒன்றுமில்லை அக்கா. காலையில் சாப்பிடணுமாம். உட்கார்ந்து சாப்பிடணுமாம். நம் தட்டில் நமக்கு வேண்டியதை முதலிலேயே போட்டுக்கொள்ளணுமாம், பாதித் தட்டுக் காயாக இருக்கணுமாம். நடக்கணுமாம். இதற்காகவா நீ செத்தாய்? கேட்டுவிட்டு அந்தம்மா முன்னால் ஓவென்று அழுதேன்.

தினமும் கடற்கரையில் நடந்தோம். முதல் நாள் கலங்கரை விளக்கம் வரைக்கும் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, பவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இப்போது நான் பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போவதில்லை, வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதுமே இறங்கி நடந்து வீடு வருகிறேன். பஜ்ஜி விட்டேன். சர்க்கரை இல்லாத டீ வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் குடிக்கிறேன். பிள்ளைகள் வைக்கிற மிச்சம் கோழிக்கு. கோழி நன்றாகக் கொழுக்கிறது. ஒரு மாசத்தில் நான் இரண்டு கிலோதான் குறைந்தேன். போதும், அவசரமில்லை.

வீட்டுக்குத் திரும்பிய முதல் நாள் காலை, நானும் பவியும் ஆண்களுக்கு முன்னால் தட்டு வைத்து உட்கார்ந்தோம். உன் புருஷன் கையில் கட்டோடு வந்தார், அந்தக் கட்டுப்போட்ட கை லேசாக மேலே போனது. பவி எழுந்தாள். கையில் அந்தத் தோசைத் திருப்பி, அடுப்பிலிருந்து எடுத்தது. "அப்பா, ஒக்காரு. ஒனக்கு அப்புறம்" என்றாள். அவர் உட்கார்ந்தார். திருந்திவிட்டார் என்று எழுதமாட்டேன், நான் நம்பவில்லை. பயந்திருக்கிறார், எனக்கு அது போதும்.

அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, "அப்பிடி என்னாதான் இருக்கு குந்திகினு துன்றதுல" என்று முனகிக்கொண்டே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அந்த வயசுக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

உன் படத்துக்குப் புதுக் கண்ணாடி போடவில்லை. விளக்கும் வைக்கவிடுவதில்லை, வருகிற பெண்களை அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் படத்துக்கு முன்னால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புதான், நாற்றம் தெரு முனை வரைக்கும் போகிறது. என்னை மன்னிப்பாயா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு. மன்னிக்காதே.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று, அந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வியை இனி நான் சாகிறவரைக்கும் தினம் உன் மகளிடம் கேட்பேன். கல்யாணம் கட்டிக்கொண்டு அவள் எந்த ஊருக்குப் போனாலும் போன் போட்டுக் கேட்பேன். பதிலை உன்னிடம் வந்து சொல்வேன். இன்று காலையில் அவள் மூன்று இட்லி சாப்பிட்டாள் அக்கா. உட்கார்ந்து சாப்பிட்டாள்.

உன்னிடம் அடி வாங்கின, உன் பிள்ளைக்கு இனி ஆத்தாளான,
உன் ஓரகத்தி வசந்தி