ரெஜினாவுக்கு வைத்த பூசை

நீலசந்திரா, பெங்களூர்
11.8.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பங்கில் ரெஜினா என்ற பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். அவள் கணவர் சவரிநாதன் என்னிடம் வந்தார். "பாதர், கோயிலுக்குள்ள ஒரு பூசை வெச்சிடுங்க. அம்மா பாவின்னு எம் பொண்ணு நெனச்சிரக் கூடாது" என்றார்.

எனக்கு மேலே இருக்கும் பங்குச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. "இதுக்குக் கதவத் தொறந்தா ஜனங்க என்ன நெனப்பாங்க? நேரா கல்லறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க."

"திருச்சபைச் சட்டத்துலயே இப்ப அந்தத் தடை இல்ல, சாமி" என்றேன். அவர் அறைக்குள் போய்விட்டார். நான் சாவியை எடுத்துக் கோயிலைத் திறந்தேன்.

பூசையில் மரித்தவர்களை நினைக்கும் இடத்தில் ரெஜினாவோடு அப்பாவின் பெயரையும் சொன்னேன். அவரும் அப்படிப் போனவர்தானே. அவரைக் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்த நாளிலிருந்து எந்தச் சாமியாரும் அவர் பெயரைப் பீடத்தில் சொன்னதில்லை. குருவாகி நான்கு வருடமாக நானும் பயந்து சொல்லாமலே இருந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள், அம்மா.

வியாழக்கிழமை பேராயர் இல்லத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றல் வரலாம், அவ்வளவுதான்.

இங்கே குளிர் அதிகம். என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். அதற்குள் அப்பாவின் போட்டோ ஒன்றை மடங்காமல் வையுங்கள். அவர் முகம் எனக்குச் சரியாக நினைவுக்கு வரவில்லை.

செபமாலைக்கு மணி அடிக்கிறது, போகிறேன்.

உங்கள் மகன்,
அருளப்பன்