கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்த இரண்டு நாட்கள்

பாப்பா தூங்கிவிட்டாள். லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையிலிருந்து வரும் சூடான காற்று என் மணிக்கட்டில் படுகிறது. புது பிளாஸ்டிக்கும் சூடேறிய உலோகமும் கலந்த வாசனை. எனக்கு இந்த வாசனை என்றால் நீதான். ஹாஸ்டலில் யாருடைய லேப்டாப்பாக இருந்தாலும் ஒருமுறை குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாய். "உள்ளுக்குள்ள வேகுதுடி இது, சீக்கிரம் புட்டுக்கும்" என்பாய். பெரும்பாலும் புட்டுக்கொள்ளும்.

நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது ஒரு லேப்டாப், அதுவும் விஆர் விளையாட்டுக்காக வாங்கியது என்றால் சிரிப்பாய். விஷயத்தைக் கேள். பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி. விஆர் விளையாட்டுகளை வெளியிடுவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, எங்கே தடுமாறுகிறது என்று எழுதித்தர ஆள் தேடினார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். கண்ணை மறைத்துத் தலையில் மாட்டினால் வேறொரு உலகத்துக்குள் நிற்கவைக்கும் ஹெட்செட் அவர்களுடையது, லேப்டாப் நம்முடையது. ஒரு வாரம் சோதனை, தேறினால் வேலை. பாப்பா பிறந்தபோது விட்ட வேலைக்குப் பிறகு, தர்மபுரி பக்கத்து இந்த இண்டூரைவிட்டு நகராமல் எனக்குக் கிடைக்கக்கூடியதாகத் தெரிந்தது இது ஒன்றுதான். அவ்வளவு பொருத்தமாக இருந்ததே சந்தேகத்தைக் கிளப்பியது.

ஓசூர் ஃபேக்டரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிற என் வீட்டுக்காரருக்கு என்னைவிடச் சந்தேகம்.

"விளையாடறதுக்குச் சம்பளமா? முன்பணம் ஏதாச்சும் கட்டச் சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"சொல்லலையா? அப்ப இது இன்னும் பெரிய ஆளுங்க. உஷாரா இரு."

கேட்டால் ஒரு மோசடி, கேட்காவிட்டால் பெரிய மோசடி. உனக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கும்.

கம்பெனி சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று. திரையில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு இந்த அளவுக்குக் குறையக் கூடாது. நான் படிக்கப் படிக்கப் பயம் கூடியது. மேசைக் கம்ப்யூட்டர் என்றால் நாளைக்குக் கழற்றி வேறு கார்டு மாட்டலாம். லேப்டாப்பில் அது பலகையோடு பற்றவைத்தே வரும், கட்டிக்கிட்டா கட்டிக்கிட்டதுதான். அதைவிட மோசம், ஒரே பெயர், ஒரே எண் போட்ட கார்டு ஒரு லேப்டாப்பில் பாய்ந்து ஓடுகிறது, இன்னொன்றில் மூச்சு வாங்குகிறது. எவ்வளவு மின்சாரம் குடிக்க விடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். அட்டைப்பெட்டியில் அது பெரிய எழுத்தில் இருக்காது. "பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா? நம்ம கிளாஸ்ல நாலு கவிதா இருக்காளுங்க, நாலு பேரும் ஒரே மார்க்கா எடுக்கறாளுங்க?" என்று நீ இதற்கும் சேர்த்து அப்போதே சொல்லிவிட்டாய்.

சேலத்தில் உனக்குப் பழைய லேப்டாப் வாங்கப் போனோமே, அந்தக் கடைக்காரர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஐ-செவன்ம்மா, ஸ்டிக்கர பாரு" என்றார். நீ பேசாமல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினாய். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதைவிட மட்டமான ஐ-த்ரீ. "அண்ணா, உங்க லேப்டாப்பு உள்பாவாடையெல்லாம் கட்டியிருக்குதுங்க" என்றாய். அவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் டீ சொன்னார். டீயையும் நீ முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாய்.

காலேஜ் விழாவில் விஆர் ஸ்டால் போட்டார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நீ ஏதோ கட்டடத்தின் உச்சியில் பலகை மேல் நின்றாய். "நடம்மா, கீழ தரைதான்" என்று ஸ்டால்காரர் கெஞ்சினார். "தரை இருக்குதுன்னு எனக்கு யாருங்க கேரண்டி?" என்று நீ அசையவேயில்லை. பின்னால் வரிசை முழுக்கச் சிரித்தது. கழற்றிய பிறகும் காலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு என் காதில், "இந்த மாதிரி ஒண்ணைச் செய்யற எடத்துல வேலைக்குப் போவணும்டி" என்றாய். ஆசையைக்கூட சந்தேகம் போலத் தணிந்த குரலில்தான் சொல்வாய்.

தர்மபுரிக் கடையில் நான் நீயாக இருந்து பார்த்தேன்.

"இதுல கார்டுக்கு எத்தனை வாட்ஸ் போகுதுங்க?"

"வாட்ஸா? மேடம், ஃபேன் வாங்க வந்தீங்களா?"

"ஹெட்செட் வயர் மாட்டற பின்னு நேரா கார்டுக்குப் போகுதுங்களா, இல்ல சாதா டிஸ்ப்ளேவுக்குப் போகுதுங்களா?"

அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எந்தக் கடைங்க?" வேறு கடையிலிருந்து உளவு பார்க்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். பெட்டியைப் பிரித்து ஓடவிட்டுக் காட்டினால்தான் வாங்குவேன் என்று நின்றேன். ரொம்ப நேரம் ஓடவிட்டார். வேகம் இறங்கவில்லை. வாங்கினேன்.

வீட்டில் அத்தை பெட்டியைப் பார்த்ததும், "பிரிச்சதையா வாங்கியாந்த? எவன் வூட்டுல இருந்ததோ" என்றார். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் சந்தேகக்காரி என்று நினைத்திருந்தேன். பிரித்த தோஷம் போக, அந்த வெள்ளிக்கிழமையே லேப்டாப்பையும், கூரியரில் வந்த ஹெட்செட்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அவரே கற்பூரம் காட்டினார். நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

சோதனையின் முதல் நாள். ஹெட்செட்டை மாட்டினேன். தரை சாய்ந்தது. என் கை என்னை விட்டுவிட்டு எங்கேயோ மிதந்து போனது. சுவர் நடுங்கியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, கார்டுதான். கடையில் ஓடவிட்டது வேறு, கட்டிக் கொடுத்தது வேறு. கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். "மேடம், உங்க கண்ணு முன்னால பெட்டியில வச்சேங்க" என்றார். நம்பவில்லை. கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன், சூட்டை அளந்தேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் கம்பெனியையே சந்தேகப்பட்டேன், என்னைக் கழித்துக்கட்ட வேண்டுமென்றே கெட்ட ஹெட்செட் அனுப்பியிருப்பார்கள் என்று. இரண்டு நாள் அறிக்கை எதுவும் போகவில்லை. வேலை கையை விட்டுப் போவது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் நம்முடைய ப்ராஜெக்ட் நாள் ஞாபகத்துக்கு வந்தது. திரை கறுப்பாக நின்றபோது எல்லோரும் புரோகிராமைத் திட்டினோம். நீ மட்டும் மேசைக்கு அடியில் குனிந்து, பாதி கழன்றிருந்த வயரை அழுத்தினாய். "சந்தேகப்படறதுன்னா வரிசையாப் படணும்டி. வெளிய இருக்கறத மொதல்ல, உள்ள இருக்கறத கடைசியா." நான் மிகவும் உள்ளே இருக்கும் கார்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஹெட்செட்டைக் கழற்றித் திருப்பி, முதல் தடவையாக அதன் வெளிமுகத்தைப் பார்த்தேன். அதுவரை பார்க்க வேண்டிய பொருளை முகத்தில் அல்லவா மாட்டிக்கொண்டிருந்தேன்! நாலு மூலையிலும் அறையை அளப்பதற்காக நாலு குட்டிக் கேமராக்கள். நாலின் மேலும் காய்ந்த சந்தனம்.

"அத்தை, இங்க யாருங்க பொட்டு வச்சது?"

"நாந்தான். புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காம எப்புடி? பொட்டு வைக்கவே நாலு குழி வுட்டிருந்தானே."

ஈரத் துணியால் துடைத்தேன். தரை நிமிர்ந்தது. கை என்னிடம் திரும்பி வந்தது. கடைக்காரருக்குப் போன் செய்து சரியாகிவிட்டது என்றேன். "என்னங்க பிராப்ளம்?" "சந்தனம்." அதற்கு அவர், "மஞ்சள் வைக்காம வுட்டாங்களே, சந்தோசப்படுங்க மேடம்" என்றார்.

விட்டுப்போன இரண்டு நாளையும் ஈடுகட்ட விழுந்து விழுந்து ஆடினேன். அறிக்கைகள் போயின, "நன்று" என்று பதில் வந்தது. இன்று சாயங்காலம் வலது கண்ணுக்கு மேலே வலி எடுத்தது. அப்படியே கழற்றிவிட்டு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் நின்றுவிட்டேன்.

உன் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். தலைவலிக்கு உன்னிடம் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தயார். பஸ் வெயில், ராத்திரி கண் முழிப்பு, காலையில் சாப்பிடாதது. ஸ்டிக்கரை, டீயை, தரையைச் சந்தேகப்பட்ட நீ, உன் தலைக்குள் இருந்ததை மட்டும் அப்படியே நம்பினாய். சேலத்தில் ஸ்கேன் எடுத்து, கட்டி என்று தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. பக்கத்திலேயே இருந்த நானும், "மாத்திரை போட்டியா?" என்றுதான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன், தலை வலிக்கிறது, காரணம் உங்கள் விளையாட்டா என் கண்ணா என்று தெரியவில்லை, டாக்டரைப் பார்க்கும்வரை ஹெட்செட்டை மாட்ட மாட்டேன் என்று. "வேறு யாரும் இப்படிச் சொல்லவில்லையே" என்று பதில் வந்தது. அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை.

"வேலை போயிருமா கண்ணு?" என்றார் அத்தை.

"போனாலும் போவுதுங்க அத்தை. நாளைக்கு தர்மபுரிக்குப் போய் கண்ணைக் காட்டிட்டு வந்துடறேன்."

"நானும் வரேன். அந்த டாக்டரு எப்புடின்னு நான் ஒருவாட்டி பாக்கணும்."

சிரிப்பு வந்தது. கூடவே பயமும் இருக்கிறது. ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அப்படித்தான் இருக்கும். ஆனாலும் போகிறேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தச் சந்தேகம் ஒன்றுதான். நீ ஒரு தடவைகூடத் திருப்பாத பக்கத்துக்கு அதைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன். பாப்பாவுக்கு அம்மா வேண்டும்.