இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

காலை ஐந்தே கால்.

லுயாந்தோ அப்பா,

கபெண்டா கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சோளக்களியை நீங்களே கிண்டிக்கொள்ளுங்கள். பிக்கப் சாவியைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது. நானும் பிள்ளையும் பஸ்ஸில் போகிறோம்.

டீசல் மிச்சம் பிடிக்க, க்வெம்பே மலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டீர்களாமே! அதுவும் பிள்ளையை வைத்துக்கொண்டு! எஞ்சின் நின்றால் இரண்டு மிதிக்குமேல் பிரேக் கல்லாகிவிடும் என்று தெரியாதா? கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இறக்கத்தில் டீசல் செலவாகாது. ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி அது. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் புழுதி அடைத்த ஏர் பில்டரை மாற்றுங்கள். டயருக்குக் காற்றடியுங்கள். கூரைமேல் சும்மா கிடக்கும் இரும்புக் கேரியரைக் கழற்றுங்கள். பிரேக் பிடிக்காமல் மணல் மேட்டில் மோதி நின்றதற்கு, "அதான் ஒன்னும் ஆகலையே" என்கிறீர்கள். வெட்கமாக இல்லை?

கோழிகளைத் திறந்துவிடுங்கள்.

இன்னொன்று. நேற்றுப் படுக்கும்போது லுயாந்தோ கேட்டாள்: "ஏம்மா, அப்பா என்னைய மட்டும் கதவத் திறந்து குதிச்சிருன்னு கத்தினாரே, அவரு எப்பிடிக் குதிப்பாரு?"