சாவி வேண்டாம், டீச்சர்

18 ஜூலை 2007, செம்மண்டலம்

இது கையில் கிடைத்தால், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள்.

இன்று வகுப்பில் செல்விக்கு வலிப்பு வந்தது. டீச்சர் அவள் கையில் திணிக்கப் பீரோ சாவியோடு ஓடிவந்தார். "சாவி வேணாம் டீச்சர், ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்!" என்று கத்திவிட்டு நானே அவளைத் திருப்பினேன். நுரை வெளியே வடிந்தது. கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "ஏன்டி என் ஜடைய மிதிக்கிற?" என்றாள்! நான் டாக்டர் ஆகியே தீருவேன்.

"யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று டீச்சர் கேட்டபோது செல்வியின் ஜடையைச் சரிசெய்யக் குனிந்துவிட்டேன். அம்மா பெருக்கும் கிளினிக்கிலிருந்து கேட்காமல் எடுத்து வந்த, ஒரு டாக்டர் தன் அனுபவங்களை எழுதிய புத்தகத்தில் படித்தது அது. தெரிந்தால் அம்மாவுக்கு வேலை போய்விடும். நாளை திருப்பி வைத்துவிடுவேன். பாம்புக்கடி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி.

கதவு தட்டும் சத்தம். அம்மா. "ஏய், கிளினிக்லேர்ந்து புத்தகம் எதனா எடுத்தாந்தியா? டாக்டரு வாசல்ல வந்து நிக்கிறாரு…